மரத்துக்கு ஓய்வு நாள்

மலேசியாவின் பேராக் தோட்டங்களில் ரப்பர் மரத்தின் மனநலத்தைத் துரைமார் நன்றாகவே பேணினார்கள். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. அளவு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்று ஆராய்ச்சி சொன்னது. மரம் ஓய்ந்த நாளில் பால்வெட்டுக்காரர்? பக்கத்து நிரைக்குப் போனார். அவருக்கும் பட்டை காயுமா என்பது ஆராய்ச்சிக்குள் வரவில்லை. மாலையில் கள்ளுக்கடை திறந்திருந்தது. ஆலோசனை மையம் அதுதான். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஈப்போ பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை, 1911 முதல். பிள்ளைகளை மிரட்ட அந்த ஊர்ப்பெயரே போதும்.

இப்போது தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, செம்பனையாகியும் வீடமைப்புத் திட்டமாகியும் முடிந்தன. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஈப்போ ஓட்டல்களில் மனநலப் பட்டறை நடக்கிறது: இருள் பிரியுமுன் எழுங்கள், மரங்களிடையே மௌனமாக நடங்கள், கையிலுள்ள வேலையில் மட்டும் கவனம் வையுங்கள்.

அவர்களின் பாட்டி இதையெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியோடு, பெரட்டு எனும் காலை வருகைப் பதிவுக்குப் பிந்தாமல் செய்தவர். மதியச் சாப்பாடும் ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுத்தால் அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.