எண்ணெயைக் குறைங்க சார்!

2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில் பேசினார். உடல் பருமன் பெருகிவிட்டது, வீட்டில் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல வார்த்தை. வீட்டுப் பெண்கள் கரண்டியை அளந்துகொண்டிருந்தபோதே, மே மாதக் கடைசியில் அவருடைய அரசு கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியது. 10 குறைந்தது உண்மை. எண்ணெயில் அல்ல, வரியில். விலைவாசிக்காக என்றார்கள். சரி. 2021இல் எண்ணெய்ப் பனை வளர்க்க 11,040 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கம் அறிவித்தார்களே, அது எந்த டயட்டில் சேர்த்தி?

தமிழ்நாடு அரசும் இதில் சளைத்ததல்ல. ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். அதில் பாதியளவு நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான், நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு. ஆனால் செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 400 ரூபாயை ஒட்டி நிற்கிறது. பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடு என்று விவசாயிகள் போராடுகிறார்கள். அவர்கள் கஷ்டம் நியாயமானது. ஆனால் இந்தக் கணக்கில் தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைகொழுப்பு. கடலையும் எள்ளும் கேட்டால் நானும் கொடி பிடிக்க வருகிறேன்.

ரேஷனில் பாமாயில் கொடுத்த அதே அரசின் ஊழியர் அடுத்த வாரம் வீட்டு வாசலில் வந்து பி.பி. பார்க்கிறார். ‘எண்ணெயைக் குறைங்க, தினம் முக்கால் மணி நேரம் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க’ என்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் இரவுக் காவலாளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நடுச்சாமத்தில் கிடைக்கும் ஒரே சாப்பாடு தள்ளுவண்டி பரோட்டா. அந்த வண்டிச் சட்டியில் எத்தனையாவது முறையாகவோ கொதிக்கும் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் ‘மொத்த துருவச் சேர்மங்கள்’ 25 சதவீதத்தைத் தாண்டினால் ஊற்றிவிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவியோடு நள்ளிரவில் வந்த அதிகாரியை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், மாலை போடலாம்.

நடக்கச் சொல்கிறீர்களே, எங்கே நடப்பது? ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023இல் மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். பாதை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஸ்கூட்டரில்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உள்ள நடைமேடையில் டிரான்ஸ்பார்மர், பைக் பார்க்கிங், கட்சித் தட்டி, மூடாத சாக்கடை. நடந்தால் கொலஸ்ட்ரால் குறையுமோ என்னவோ, ஆயுள் குறைய வாய்ப்பு அதிகம். டாஸ்மாக்குக்கு மட்டும் அலைய வேண்டியதில்லை. டிரைகிளிசரைடை ஏற்றிவிடும் சரக்கைச் சில்லறையில் விற்கும் ஏகபோகம் 2003 முதல் அரசின் கையில்.

கம்பெனிகளின் கருணை தனி ரகம். கொலஸ்ட்ரால் விலங்கு உடம்பில் உருவாவது. கடலையிலோ சூரியகாந்தியிலோ சொல்லும்படி கிடையாது. அந்தப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இதயப் படத்தோடு அச்சடிப்பது, வெண்டைக்காயை ‘எலும்பு நீக்கியது’ என்று விற்பதைப் போன்றது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. நிறைகொழுப்பு மிகுந்தால், கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து வாரி எடுக்கும் வேலையை அதே கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. பாக்கெட்டின் முன்பக்கம் சொல்ல வேண்டியது இதைத்தான். 2021 ஜனவரியில், இதயத்துக்கு நல்லது என்று எண்ணெய் விளம்பரத்தில் வந்த முன்னாள் கிரிக்கெட் வீரர் கங்குலிக்கே மாரடைப்பு வந்தது. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். விளம்பரத்தை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு சிறுதானிய ஆண்டு வந்தது. கம்பும் சாமையும் பிஸ்கட் ஆயின. பாக்கெட்டைத் திருப்பி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தைப் படித்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில், எங்கோ ஓர் ஓரத்தில் கம்பு. முன்பக்கத்திலேயே பெரிதாக எச்சரிக்கை போடுங்கள் என்றால், 2022இல் நட்சத்திரம் கொடுக்கும் வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொழுப்புக்கும் உப்புக்கும் சர்க்கரைக்கும் நட்சத்திரம்! 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவெடுங்கள் என்றது. மூன்று மாதம் போனதும் அவகாசம் கேட்டார்கள். அதே சமயத்தில்தான் அலுவலக கேன்டீன்களில் சமோசா போன்ற தின்பண்டங்களின் கொழுப்பைப் பலகையில் எழுதி வைக்கச் சொன்னது சுகாதார அமைச்சகம். பிஸ்கட் முதலாளிக்கு அவகாசம், சமோசா தின்கிறவனுக்குப் பலகை.

இந்த இடைவெளியில்தான் வாட்ஸ்ஆப் வைத்தியர் பிழைக்கிறார். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரைந்துவிடுமாம், மாத்திரையை நிறுத்திவிடலாமாம். வயிறு கரையும். ஓட்ஸ், அவரை, கொள்ளு, காய்கறி என்று கரையும் நார்ச்சத்தைக் கூட்டினால் கெட்ட கொலஸ்ட்ரால் சில சதவீதம் இறங்கும். நிறைகொழுப்பு மிகுந்த எண்ணெயை விட்டுக் கடலை, எள் எண்ணெய்க்கு மாறினால் இன்னும் இறங்கும். பரம்பரையாக ஏறியிருப்பவருக்கு இது போதாது, மாத்திரை வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் வெண்ணெயும் கொழுத்த பாலும் தின்று ஆண்கள் இளம் வயதிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அவர்களும் மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. சாசேஜ் தயாரிப்பவரிடம் போய்க் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்கச் சொன்னார்கள். பால் பண்ணைக்காரர்கள் பெர்ரி பயிருக்கு மாற வழி செய்தார்கள். கடையில் கொழுப்புக் குறைந்த பால் வந்தது. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நம்மிடமும் அந்த வித்தை இல்லாமல் போகவில்லை. டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியில் சட்டமே அமலுக்கு வந்தது. எந்தக் காவலாளியின் மன உறுதியையும் நம்பி அந்தச் சட்டம் போடவில்லை. பாமாயில் வியாபாரியிடமும் பிஸ்கட் முதலாளியிடமும் அதே குரலில் பேசலாம். அவர்களிடம் போகும்போது மட்டும் அரசுக்கு பி.பி. ஏறிவிடுகிறது.