மேலே வானம், கீழே மிலான்

கே: ஐரோப்பாவிலேயே உயரமான மலைக்குடிலில் தங்கினால் நட்சத்திரப் படம் பிரமாதமாக வருமாமே?

ப: இத்தாலி-சுவிஸ் எல்லையில் 4,554 மீட்டரில் இருக்கும் மார்கெரிட்டா குடிலைச் சொல்கிறீர்கள். 1893இல் இத்தாலிய ராணி மார்கெரிட்டாவே ஏறி வந்த இடம். தூசியும் ஈரமும் பெரும்பாலும் காலுக்குக் கீழே நின்றுவிடும், அது லாபம். ஆனால் தெற்கே பார்த்தால் தூரினும் மிலானும் கிடக்கும் போ ஆற்றுச் சமவெளி, கல்யாண வீட்டு சீரியல் லைட் போட்ட மாதிரி ஜொலிக்கும். பால்வீதியின் பளிச்சென்ற நடுப்பகுதி எழுவதும் அதே தெற்கில்தான். அதுவும் அங்கே சுமார் 15 டிகிரிக்கு மேல் ஏறாது. மதுரை மொட்டைமாடியில் 50 டிகிரி ஏறும். (மதுரையில் தெருவிளக்கை யார் அணைப்பது?)

கே: அவ்வளவு உயரத்தில் வெறும் கண்ணுக்கே நட்சத்திரம் அள்ளுமா?

ப: கேமராவுக்கு அள்ளும். உங்களுக்குச் சந்தேகம்தான். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் ஆக்ஸிஜனுக்கு ஆலாய்ப் பறப்பவை. அங்கே காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். உயரம் உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்று இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மொஸ்ஸோ ஆராய்ந்ததே இந்தக் குடிலில்தான்.

கே: ஷட்டரை 30 செகண்ட் திறந்து வைத்தேன். நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுக்கிறதே?

ப: பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, உங்களுக்காக நிற்காது. ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 500ஐ ஃபோகல் லெங்த்தால் வகுங்கள். 20 மி.மீ. லென்ஸுக்கு 25 செகண்ட். என்னைக் கேட்டால் அதுவே தாராளம், 15இல் நிறுத்துங்கள். ஃபோகஸுக்கு லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஸ்கிரீனில் பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்பி, அப்படியே டேப் ஒட்டிவிடுங்கள்.

கே: அந்தக் குளிரில் பேட்டரி?

ப: ஒன்று கேமராவில், இன்னொன்று பனியனுக்குள்.

கே: உள்ளே வந்ததும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்கிறது.

ப: வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள், நீர் பையின்மேல் கோத்துக்கொள்ளட்டும். மெமரி கார்டை முன்பே கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் பார்க்கிற அவசரத்தில் பையைத் திறந்துவிடுவீர்கள்.

கே: எல்லாரும் ஒரே அறையில் தூங்குகிறோம். நடுராத்திரி எழுந்து போனால் திட்டுவார்களா?

ப: எழுந்ததற்குத் திட்டமாட்டார்கள். பையின் வெல்க்ரோவைச் சர்ரென்று பிரிப்பீர்கள் பாருங்கள், அதற்குத் திட்டுவார்கள். சாப்பாட்டுக்கு முன்பே பையை வெளி அறையில் வைத்துவிடுங்கள். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும்.

கே: குடிலும் வானமும் ஒரே படத்தில் அடங்க எவ்வளவு தூரம் பின்னால் போகவேண்டும்?

ப: குடில் நிற்பது உச்சியின் விளிம்பில். பகலிலேயே இடம் பார்த்து வையுங்கள். கேமராவில் கண்ணை வைத்தபடி ஓர் அடிகூடப் பின்னால் வேண்டாம். பரந்த கோணத்து லென்ஸ் விலை அதிகம்தான், ஆனாலும் வாங்கிவிடுங்கள்.