தீவு மகளின் காற்சட்டை

கேள்வி: வொண்டர் வுமனின் உடுப்பை மாற்றினால் இரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? (வாசகி, ஊர்காவற்றுறை)

பதில்: நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குத் திருவிழாவில் நாளுக்கொரு சாத்துப்படி. எந்த அடியவரும் கோபிப்பதில்லை. அம்மனின் சக்தியில் எவரும் கைவைக்கவில்லையே!

வொண்டர் வுமனுக்கோ 1968இல் அதுதான் நடந்தது. 1941இல் பிறந்த அந்தச் சித்திரக்கதை நாயகியின் நட்சத்திர உடையோடு சக்தியையும் பறித்து, வெள்ளை உடுப்பில் துணிக்கடை நடத்த வைத்தார்கள். பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் பொறுக்கவில்லை. 1972இல் அவருடைய 'மிஸ்' இதழின் அட்டையில் அவளைப் பழைய உடையிலேயே, பேருருவாக நிறுத்தினார்கள். மறு ஆண்டே உடையும் சக்தியும் திரும்பின. முழுக்க நியாயமான கோபம் அது.

2010இல், வொண்டர் வுமன் சித்திரக்கதையின் 600ஆவது இதழில், ஓவியர் ஜிம் லீ அவளுக்குக் கறுப்பு நீளக் காற்சட்டையும் மேலங்கியும் வரைந்தார். சண்டைக்குப் போகிறவளுக்கு வசதிதானே என்றார்கள் சிலர். அடையாளமே போயிற்று என்று பொங்கினார்கள் பலர். 2011இல் புதிய தொடருக்கான முன்னோட்டப் படங்களில் இருந்த காற்சட்டை, இதழ் கடைக்கு வரும்போது காணாமற் போயிருந்தது!

காற்சட்டைக்காகக் கொதித்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதே 2010 கதையில் அவள் பிறந்த தீவையே அழித்து, அவளை அமெரிக்க நகரத்தில் வளர்ந்தவளாக்கினார்கள். அதற்கு எழுந்த கோபம் தீவகத்து ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நன்றாகவே விளங்கும்.