கொலு மேடை இருப்புப்பாதை: உத்திரமேரூரை முன்வைத்து ஓர் ஆய்வு

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. வடக்கே போனால் காஞ்சிபுரம், கிழக்கே செங்கல்பட்டு, தென்கிழக்கே மதுராந்தகம் என்று எந்தப் பேருந்தில் ஏறினாலும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குள் தண்டவாளத்தைப் பார்த்துவிடலாம். ஊருக்குள் மட்டும் பார்க்க முடியாது. தெற்கு ரயில்வேயின் கால அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் இந்தப் பெயரில் ஒரு நிலையம் அகப்படாது. ஆனால் மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி விஜயதசமி வரை இந்த ஊர்க் கூடங்கள் சிலவற்றில், கொலுப்படிக்கு முன்னால், ரயில் ஓடுகிறது. மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்தில் நிலையத்தின் பெயரும் நிற்கிறது. இதை ஆராயத் தமிழ் ஆய்வுலகம் முன்வராதது நெடுநாள் இழுக்கு. அதைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுப்படி முதலில் பிறநாட்டு முன்னோடிகள். பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு முறையான அளவு வகுத்த பெருமை ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தாருக்கு உரியது. 1891-இல் லைப்சிக் சந்தையில், எட்டு வடிவப் பாதையில் ஓடும் சாவி ரயிலைக் கடை பரப்பினார்கள். அதுவரை வாங்கினோம், விளையாடினோம், உடைத்தோம் என்று முடிந்துகொண்டிருந்த சாமான், அன்று முதல் வருஷா வருஷம் வாங்கிச் சேர்க்க வேண்டிய சொத்தாகிவிட்டது. இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வைக்க வேண்டும் என்று கொலு வைக்கிற வீடுகளில் ஒரு விதி உண்டு. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழ் காய்ந்துகொண்டிருப்பது அதை நம்பித்தான்.

புனேயில் பி. எஸ். ஜோஷி என்பவர் தம் சிற்றுரு ரயில்களுக்கென்று 1998-இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார். ஹாம்பர்க்கில் பிரவுன் சகோதரர்கள் 2001-இல் திறந்த கூடத்தில் தண்டவாளம் 16 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் போகும் தூரத்தில் பாதிக்கு மேல். ஆனால் இவை ஆண்டு முழுவதும் ஓடுபவை. வருஷத்தில் பத்து நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடக்கும் ரயிலைப் பற்றி இவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றம் நம் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே இரண்டு கட்சிகள் இருந்தன. மலை, மரம், பெட்டி என்று மேலே அழகு செய்தவர்கள் ஒரு கட்சி. மேசைக்கு அடியில் படுத்துத் தொலைபேசி ரிலேக்களையும் ஒயர்களையும் கோத்தவர்கள் மறு கட்சி. பிற்காலத்தில் கணினி ஹேக்கர்கள் புறப்பட்டது இந்த இரண்டாம் கட்சியிலிருந்துதான். உத்திரமேரூரிலும் இதே பிளவு காணப்படுகிறது. பாட்டி, அத்தை, பெண்பிள்ளைகள் மேல்கட்சி. டிரங்குப் பெட்டிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே, டெஸ்டரை வாயில் கவ்வியபடி கால் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் சித்தப்பா கீழ்க்கட்சி. சீரியல் பல்பும் ரயிலும் ஒரே பிளக்கில் இயங்க வேண்டும் என்பது அவருடைய பல ஆண்டு ஆராய்ச்சி. இதுவரை வீட்டு ஃப்யூஸ் மட்டுமே அதற்கு மறுமொழி சொல்லியிருக்கிறது.

இனி களம். முதற்படிக்கு முன்னால் ஆறடிக்கு நாலடி அளவில் செங்கல் வரம்பு கட்டி, ஆற்றுமணல் கொட்டி, நாலு விரல் உயரத்துக்குத் தட்டி விடுகிறார்கள். அமாவாசைக்கு முன்பே ஈரத்துணியில் கடுகு, வெந்தயம், கேழ்வரகு முளைகட்டி வைத்தாக வேண்டும். இந்த ரயில்வேயின் மொத்தக் கட்டுமானத்திலும் தாமதம் பொறுக்காத வேலை இது ஒன்றே. உடைந்த பானையைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தால் சுரங்கம். அதன்மேல், கஞ்சிப்பசையில் தோய்த்த செய்தித்தாளை ஒட்டி, கசங்கல் கலையாமல் காயவிட்டு, காவி பூசினால் மலை. பசை சரியாகக் காயாத இடத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும். அதைப் ‘பனி’ என்று சொல்லி வந்தவர்களிடம் காட்டுவது வழக்கம். பழைய முகக்கண்ணாடி ஏரியாகிறது. ஊரின் உண்மையான ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்துப் பெயர் உண்டு. கண்ணாடி ஏரிக்கும் அதே பெயரைத்தான் வைக்கிறார்கள். இதற்குக் கோடையிலும் பளபளப்புக் குறையாது.

நிலையப் பலகை தனியே கவனிக்கத்தக்கது. உண்மையான பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். நாம் பார்த்த ஒரு வீட்டில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஸ்கேல் வைத்து அளந்து, ‘ஹால் மட்டத்திலிருந்து 4 அங்குலம்’ என்று எழுதியிருந்தான். எந்தக் கடலையும் நம்பாத இந்த நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து அளவுகோல். மாதிரி ரயில்காரர்கள் உலகெங்கும் பெரிதும் கைக்கொள்ளும் அளவு எச்.ஓ.; அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவின், அமெரிக்காவின் பாதை அது. நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். 19.3-க்குத் தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே நம்மவர்கள் காசு செலவழித்து வைக்கும் இந்திய ரயில்கள், மேலே அகலப்பாதை உடம்பும் கீழே வெள்ளைக்காரக் காலுமாகத்தான் ஓடுகின்றன. இதை நினைத்து இரவில் தூக்கம் வராதவர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். கொலு ரயிலுக்கு இந்தச் சங்கடமே இல்லை. திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரயிலைச் செய்த தொழிற்சாலை எந்த அளவுகோலையும் மனத்தில் கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒரு கண்டுபிடிப்பை அடக்கத்தோடு முன்வைக்கிறோம். பிளாஸ்டிக் ரயில் வருமுன் இந்த வீடுகளில் ஓடியது தீப்பெட்டி ரயில். காலிப் பெட்டிகளை நூலில் கோத்துப் பிள்ளைகள் கையால் இழுத்தார்கள். சிவகாசித் தீப்பெட்டியின் அகலம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர், நீளம் சுமார் ஐந்து. 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். அகலம் மூன்று மீட்டரைத் தாண்டுகிறது, பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் 3.245 மீட்டர். ஐந்து தீப்பெட்டிகளை நீளவாக்கில் வைத்தால் 21.75 மீட்டர், ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர். ஆக, எச்.ஓ. என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே நம் பாட்டன்மார் எச்.ஓ. அளவில் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது கணக்கால் நிறுவப்படுகிறது. சிவகாசிக்காரர்கள் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு கேள்வி. திட்டமிட்டார்கள் என்பதே நம் துணிபு. இல்லையென்றால் இந்தப் பத்தியை அடித்துவிட வேண்டிவரும்.

ஆகவே 87 என்ற எண்ணையே பிளாஸ்டிக் ரயிலுக்கும் கொடையாக அளித்துக் கணக்கிடுவோம். ஆறடிக்கு நாலடி மணல், 159 மீட்டருக்கு 106 மீட்டர் நிலமாகிறது. நாலு ஏக்கர் தேறும். முட்டை வடிவப் பாதை சுற்றளவில் மூன்றரை மீட்டர். உண்மையில் முந்நூறு மீட்டர். இருபத்துநான்கு பெட்டி விரைவு வண்டியை என்ஜினோடு இதில் நிறுத்தினால் அது அறுநூறு மீட்டரைத் தொடும். பாதையை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் அடங்கும். என்ஜின் டிரைவர் தமக்கு முன்னால் போகும் வண்டியைத் திட்டிக்கொண்டே போவார். அது அவருடைய வண்டியாகவே இருக்கும். கடைகளில் என்ஜினோடு மூன்று பெட்டி மட்டும் தருவதன் காரணம் இதனால் விளங்கும்.

புது பேட்டரி போட்டால் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. மணிக்கு 110 கிலோமீட்டர் ஆகிறது. நம் விரைவு வண்டிகள் பலவற்றுக்கு விதித்த உச்சவேகமும் அதுவே. குறை சொல்ல ஒன்றுமில்லை, வளைவைத் தவிர. அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைவு போடக்கூடாது என்பது இந்திய ரயில்வேயின் விதி. கொலு வளைவின் ஆரம் 35 மீட்டர். அதில் 110 வேகத்தில் திரும்பினால், பயணிகளைப் பூமி கீழே இழுப்பதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விசை பக்கவாட்டில் இழுக்கும். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தவர் கதி என்ன? எட்டாம் நாள் பேட்டரி இறங்கி வண்டி தவழத் தொடங்குவதுதான் பயணிகள் பாதுகாப்புக்கு உகந்தது.

உயிரினங்கள் பற்றிச் சுருக்கமாக. கடுகுச்செடி ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தால் நாலே கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட மரம், பொருத்தமானதே. இருபது சென்டிமீட்டர் செட்டியார் பொம்மை, பதினேழு மீட்டருக்கு எழும்பி, தராசும் கையுமாக ரயில் நிலையத்தைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பத்து சென்டிமீட்டர் பல்லி சுவரிலிருந்து இறங்கினால் ஒன்பது மீட்டர். ஆனால் இந்த ரயில்வேயின் பெரும் பேரிடர் பல்லியால் வருவதில்லை, சுண்டலால் வருகிறது. வெந்த கொண்டைக்கடலை ஒன்று, தொன்னையிலிருந்து உருண்டு பாதையில் விழுந்தால், அது 87 சென்டிமீட்டர் குறுக்களவும் முந்நூறு கிலோவுக்குக் குறையாத எடையும் கொண்ட பாறை. மலைச்சரிவால் நீலகிரி ரயில் நிறுத்தம் என்று செய்தி படிக்கிறோமே, அதே நிலவரம். பாறையை அகற்றும் பணியை எறும்புகள் சம்பளமில்லாமல் ஏற்கின்றன.

நிர்வாகத்துக்கு வருவோம். உத்திரமேரூர் என்றால் குடவோலை. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய விதிகள் இன்றும் நிற்கின்றன. ஊர்ப்பிரிவுகளாக முப்பது குடும்பு, ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். கொலுவில் கடுகுக்குத் தண்ணீர் தெளிப்பவர் தோட்ட வாரியம் என்பதும், கண்ணாடியைத் துடைப்பவர் ஏரி வாரியம் என்பதும் சொல்லாமலே விளங்கும். ரயில் வாரியம் பற்றிக் கல்வெட்டில் பேச்சில்லை. வியப்பென்ன, இன்னும்தான் ஊருக்கு ரயில் வரவில்லையே.

ரயில் சுவிட்ச் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இவ்விதிகளைப் பொருத்திப் பார்த்தோம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்பதால் நம் நாலு ஏக்கர் மணல் தாராளமாகத் தேறுகிறது. வரி விஷயத்தைக் கிளற வேண்டாம். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இங்கேயே பிள்ளைகள் அனைவரும் அடிபட்டுப்போகிறார்கள், பாட்டியும் தாண்டிவிட்டார். சித்தப்பா மட்டும் வயதால் தகுதி பெறுகிறார். ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. போன வருஷம் பேட்டரிக்கென்று வாங்கிய இருநூறு ரூபாய்க்கு அவர் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. விதி அதோடும் நிற்பதில்லை. கணக்குக் காட்டாதவரின் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன் மகன், அத்தை மகன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு நீட்டி அத்தனை பேரையும் விலக்குகிறது. எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் சுவிட்ச் எதிர்வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். ஆகவே நடைமுறையில் வேறொரு மரபு நிலவுகிறது: யார் அதிகச் சத்தத்தில் அழுகிறார்களோ அவர்களுக்கே சுவிட்ச். பராந்தகன் இதைக் கேட்டிருந்தால் குடத்தையும் ஓலையையும் மிச்சப்படுத்தியிருப்பான்.

ரயில் இல்லாத ஊரில் ஏன் இத்தனை ரயில்? தண்டவாளத்தையொட்டி வீடு இருப்பவர்களுக்கு ரயில் என்பது பாத்திரத்தை அதிரவைக்கும் சத்தம். அவர்கள் கொலுவில் கிரிக்கெட் மைதானம் வைக்கிறார்கள் என்பது ஒரு சாரார் கருத்து. ஏக்கம்தான் காரணம் என்பது மறு சாரார் கருத்து. இரண்டும் அரைகுறை. கொலுவில் ஓடும் ரயிலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் தெரியும்: வாங்கியது ரயில், கட்டியது நிலையம். ரயில் கடையில் கிடைத்தது, சீனாவில் செய்தது, மூன்று பெட்டி. உழைப்பெல்லாம் மணலில், பலகையில், கடுகு மரத்தில், ஐஸ் குச்சியால் செய்த பெஞ்சில். மதுராந்தகத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், தெற்கே போகும் பெரிய வண்டிகளில் எத்தனை நிற்காமல் போகின்றன என்பது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. எல்லா வண்டியும் உத்திரமேரூரில் நிற்கும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கி முடிக்கும்வரை என்ஜினைக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பாள். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், வண்டி நகராது. இப்படிப்பட்ட நிறுத்தம் எந்த எக்ஸ்பிரஸுக்கும் எந்த ஜங்ஷனிலும் கிடைத்ததில்லை.

எஞ்சியிருப்பது ஒரு சாஸ்திரச் சிக்கல். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையும் கருவியையும் பூஜையில் வைத்தால் மறுநாள் காலைவரை தொடக்கூடாது. ரயில் கருவியா, பொம்மையா? கருவியென்றால் அன்று ஓட்டக்கூடாது. பொம்மையென்றால் சந்தனம் குங்குமம் வைத்தது பிழை. கீழ்க்கட்சி ஒரு முன்னுதாரணத்தை நீட்டியது. “லோகோ ஷெட்டிலகூட என்ஜினுக்கு வாழக்கன்னு கட்டி பூஜ பண்றாங்க. அன்னைக்கு ரயில் ஓடாமலா இருக்கு?” என்றார் சித்தப்பா. மேல்கட்சி ஒப்பவில்லை. வழக்கு பாட்டியிடம் போயிற்று. அவர் கூட்டத்தையும் பார்த்தார், அடுக்களையில் ஆறிக்கொண்டிருந்த சுண்டலையும் பார்த்தார்.

“பாசஞ்சர் ஓடக்கூடாதுடா. கூட்ஸ் ஓடலாம்,” என்றார்.

மூன்று பெட்டிகளின் மேற்கூரையும் கழற்றப்பட்டது. அன்று மாலை வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் ரயிலிலேயே போயிற்று, பெட்டிக்கு ஆறு கடலை வீதம். வளைவில் நாலு சிந்தும்.