ஆறு எங்கே போச்சு?

கேள்வி: பைத்தானில் ஊர்ப் பட்டியலைக் கொடுத்து, ‘ஆறு’ வருவதைப் பிடி என்று ‘மேட்ச்’சிடம் சொன்னேன். மூணாறு, வாளையாறு எதுவும் சிக்கவில்லையே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ‘மேட்ச்’, பஸ் போர்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்து ஏறுகிற ஆள். ‘சர்ச்’தான் கடைசிவரை படிக்கும். ஆனால், அதுவும் கைவிரித்துவிடும்! மூணாறில் ‘ஆ’ ஏது? ‘ண’வும் துணைக்காலும்தானே இருக்கிறது. துணைக்காலோடு ‘று’ சேர்த்துத் தேடுங்கள், வண்டிப்பெரியாறும் ஓடிவரும்.

ஒன்று, சொல்லைப் பிடிக்கிறேன் என்று பின்சாய்கோடு, டபிள்யூ, கூட்டல்குறி போட்டுவிடாதீர்கள். பைத்தானோடு வரும் ‘ரீ’ நம் உயிர்க்குறிகளை எழுத்தாகவே மதிக்காது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் மூணாறை ம, ண, ற என மறுபடி மூன்றாகப் பிரித்துவிடும்!