வரவேற்பறைக் கேப்டன்

நாளைக்கு அவர் நியூயார்க் போகிறார். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை மூலையில், கைலியும் பனியனுமாக, கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

ஃபிளைட் சிமுலேட்டர் ஆசாமிகளில் பல பிரிவு. சிலர் மெத்தென்று தரையிறங்கிக் காட்ட உயிரை விடுவார்கள். சிலர் விபத்து பார்க்கவே விமானத்தைக் கிளப்புவார்கள். நம்மவர் கணக்குப் பிரிவு. விமானம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அவருக்கு முக்கியம். ஓட்டுவது, சொன்னதை நிரூபிக்க.

அட்லஸில் அடிக்கோல் வைப்பவர்களை அவருக்கு ஆகாது. “தட்டை வரைபடம் பொய் சொல்லும் தம்பி, உருண்டையைப் பாரு!” சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74, கூட்டினால் 178. பூமியின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஆகவே குறுக்குவழி வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4, ஆக 138. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280. நிமிடத்துக்கு எட்டு மைல் என்றால் பதினேழேகால் மணி நேரம். ஏறி இறங்க அரை மணி. விருந்தாளி இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகுதான் வடையைத் தொட முடியும்.

தொட்டாலும் விடமாட்டார், அடுத்தது காற்று. நிஜ ஏ350 துருவத்தை விட்டு வட பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவதுண்டு. மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். மகள் பத்தாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்டால் யோசிப்பார். அலூஷியன் தீவுகளுக்கு மேலே காற்றின் வேகம் கேட்டால் யோசிக்க மாட்டார்.

சிமுலேட்டரில் நேரத்தை நாலு மடங்கு ஓட்டும் வசதி இருக்கிறது. அதை அழுத்துவது பரீட்சையில் பிட் அடிப்பது மாதிரி என்பது அவர் கட்சி. நிஜ விமானத்தில் நான்கு விமானிகள், முறைவைத்துத் தூங்குவார்கள். இங்கே இவர் ஒருவர்தான். ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டுக் கோப்பிக்கடைக்குக் கிளம்புவார்: “ஜப்பான் வர்றதுக்குள்ள வந்துடுறேன்.”

“என்னங்க, ஆறு மணிக்குத் தேக்கா போகணும்னேனே?”

“ஆறுக்கா? அப்ப நான் அலாஸ்காவுக்குத் தெற்கே இருப்பேனே!”

காலை ஏழுக்குக் கிளம்பியவர் நள்ளிரவு 12.45க்கு இறங்க வேண்டும். காற்று கொஞ்சம் தாராளமாகத் தள்ளிவிட்டதில் 12.25க்கே நியூயார்க் விளிம்பு திரையில் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் இறங்கிவிட்டுப் படுக்கப் போவார்கள். இவர் முகம் வாடிவிடுகிறது. கணக்கு இருபது நிமிடம் தப்பு! சற்று யோசித்தவர், இருபது நிமிட எரிபொருளும் மிச்சம்தானே என்று கண்டுபிடித்து, விமானத்தை வலப்பக்கம் திருப்பி வானத்தில் வட்டமடிக்க ஆரம்பிக்கிறார்.

படுக்கையறையிலிருந்து தூக்கக் குரல்: “என்னங்க, போய்ச் சேர்ந்தாச்சா?”

“சேர்ந்தாச்சு. நேரம்தான் இன்னும் ஆகல. நீ படு.”