ராஜகிரியில் காற்றாலை?

கே: செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி உயரம். உச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது. முப்பந்தலில் காடாக நிற்கும் காற்றாலை இங்கே ஒன்றுகூட இல்லையே? (வாசகர், செஞ்சி)

ப: மலை இருக்கிறது, வாசல் இல்லையே! தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் நெருக்கியடித்துப் பாய்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் வட்டாரத்தின் சுமார் 1,500 மெகாவாட்டுக்கு இந்தக் கணக்கே அடிப்படை. செஞ்சிக் குன்றுகள் தனித்தனியாக நிற்பவை. காற்று சுற்றிக்கொண்டு போய்விடும்.

கோட்டையோ 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குச் சட்டம் தடை விதிக்கிறது. அது சரியான தடை. அதனால் செஞ்சிக்கு இழப்பும் இல்லை: மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியில் பெருகும் மின்சாரம் சேர்வது செஞ்சிக்கும் பொதுவான மின்தொகுப்பில்தான்.